முதல் கம்பி ஏன் அறுகிறது?

மாண்டலின் வாசிப்பவர்கள் எல்லோருக்கும் பழகிப்போன ஒரு சத்தம் உண்டு. சுருதி சேரப் போகிறது, கீயை இன்னும் கொஞ்சம் திருப்பினால் போதும் என்கிற நேரத்தில் ‘டப்’ என்று முதல் கம்பி அறும். எட்டுக் கம்பிகள் இருந்தும் பெரும்பாலும் இந்த முதல் ஜோடிதான் அறுகிறது. அடித் தந்திகள் கறுத்துத் துருவேறி வருஷக்கணக்கில் கிடந்தாலும் அறுவதில்லை.

பவானியில் இருப்பவர் புதுக் கம்பிக்காக ஈரோடு வரைக்கும் போக வேண்டியிருக்கும். அங்கே கிடைக்காவிட்டால் கோயம்புத்தூர், இல்லையென்றால் தபாலில் வரவழைக்க வேண்டும். கம்பி கேட்கப் போன இடத்தில் ஒரு யோசனையும் கிடைக்கும்: “10 நம்பர் மெல்லிசுங்க, அறுந்துட்டேதான் இருக்கும். 11 போடுங்க, தாங்கும்.”

யோசனை நியாயமாகத்தான் படுகிறது. மெல்லியது அறும், தடித்தது தாங்கும் என்பது நமக்குக் கயிற்றிலிருந்து சங்கிலி வரை பழகிய அனுபவம். ஆனால் மாண்டலின் கம்பி விஷயத்தில் இந்த அனுபவம் செல்லுபடியாகாது. 10 நம்பரைக் கழற்றிவிட்டு 11 நம்பர் போட்டாலும், அதே சுருதிக்கு ஏற்றினால், அறுவதற்கு இரண்டும் ஏறக்குறைய அதே தொலைவில்தான் நிற்கின்றன. ஏன் அப்படி என்று விளங்கிக்கொண்டால், கம்பி வாங்கும்போது நாம் உண்மையில் எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதும் விளங்கிவிடும்.

சுருதியைத் தீர்மானிக்கும் மூன்று

ஒரு கம்பி என்ன ஸ்வரம் பேசும் என்பதை மூன்று சங்கதிகள் தீர்மானிக்கின்றன. முதலாவது, அதிரும் பகுதியின் நீளம். தலைப்பக்கத்து நட்டிலிருந்து குதிரை வரைக்கும் உள்ள தூரம் இது. இன்று பரவலாக விற்கும் மாண்டலின்களில் ஏறத்தாழ 35 சென்டிமீட்டர். இரண்டாவது, கம்பியை எவ்வளவு முறுக்கி இழுத்திருக்கிறோம் என்பது. அதை இழுவிசை என்போம், கிலோவிலேயே சொல்லலாம். மூன்றாவது, கம்பியின் எடை. ஒரு மீட்டர் நறுக்கித் தராசில் வைத்தால் எத்தனை கிராம் என்று பார்க்க வேண்டும். இதை மீட்டர் எடை என்று வைத்துக்கொள்வோம்.

நீளத்தின் கணக்கு விரலுக்கே தெரியும். 12-வது மெட்டில் அழுத்தினால் நீளம் பாதியாகிறது, ஸ்வரம் ஒரு ஸ்தாயி மேலே போகிறது. இழுவிசையின் கணக்கு அவ்வளவு சுலபமாகப் பிடிபடவில்லை. ஒரு ஸ்தாயி ஏற்ற இரட்டிப்பு எடையைத் தொங்கவிட்டால் போதும் என்று ஐரோப்பாவில் நூற்றாண்டுகளாக நூல்கள் எழுதிவந்தன. 16-ஆம் நூற்றாண்டில் வின்சென்சோ கலிலி என்ற லூட் வாத்தியக்காரர் நிஜமாகவே கம்பியில் எடை கட்டிப் பார்த்தார். தேவைப்பட்டது இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. வானத்தைத் தொலைநோக்கியால் பார்த்த கலிலியோவின் தகப்பனார் இவர். பின்னர் மேரின் மெர்சேன் என்ற பிரெஞ்சுத் துறவி 1636-இல் வெளியிட்ட நூலில் மூன்று விதிகளையும் சேர்த்து எழுதிவைத்தார். எடையின் விதியும் அதில் உண்டு: இழுவிசையும் நீளமும் மாறாதிருக்க, ஒரே உலோகத்தில் கம்பியின் தடிமனை இரட்டிப்பாக்கினால் ஸ்வரம் ஒரு ஸ்தாயி கீழே இறங்கும்.

மூன்றில் எது நம் கையில் இருக்கிறது? நீளத்தை வாத்தியம் செய்தவர் முடிவு செய்துவிட்டார். சுருதியைப் பாடுகிறவரின் குரல் முடிவு செய்கிறது. மிச்சம் இருப்பது கம்பியின் தடிமன் ஒன்றுதான். அதைத் தேர்ந்தெடுத்ததுமே இழுவிசையும் தானாக முடிவாகிவிடுகிறது. ஆகவே கடையில் கம்பி வாங்குகிறவர் தடிமனுக்குக் காசு கொடுத்து இழுவிசையை வாங்கிக்கொண்டு வருகிறார்.

11 நம்பர் ஏன் காப்பாற்றாது

நம்பர் என்பது அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு. 10 நம்பர் என்றால் 0.010 அங்குலம், அதாவது கால் மில்லிமீட்டர். 11 நம்பர் அதைவிட ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்குதான் கூடுதல், கண்ணுக்குத் தெரியாது. ஆனால் தடிமன் 10 சதவீதம் கூடினால் குறுக்குவெட்டின் பரப்பு 21 சதவீதம் கூடும், எடையும் 21 சதவீதம் கூடும். கூடிய எடையை அதே ஸ்வரத்துக்குக் கொண்டுவர இழுவிசையையும் 21 சதவீதம் கூட்டியாக வேண்டும்.

மாண்டலினின் முதல் கம்பி வழக்கமான முறையில் மேல் ‘ஈ’ ஸ்வரத்துக்குச் சேர்க்கப்படுகிறது. நொடிக்கு 659 அதிர்வு. 10 நம்பர் கம்பி அந்த இடத்துக்கு வர 8.8 கிலோ இழுவிசை வேண்டும். 11 நம்பருக்கு 10.6 கிலோ. தாங்கும் வலு கூடிய அதே விகிதத்தில் சுமையும் கூடிவிட்டது.

பவானி ஜமக்காளத் தறியை நினைத்துக்கொண்டால் இது மனசில் நன்றாக உட்காரும். தறியில் பாவு இழைகள் விறைப்பாக நிற்கின்றன. ஒவ்வொரு இழையும் தன் பங்கு இழுப்பை மட்டும் சுமக்கிறது. அகலமான ஜமக்காளத்துக்கு இன்னும் நூறு இழை சேர்த்து, எல்லா இழைகளையும் அதே விறைப்பில் நிறுத்தினால், மொத்த இழுப்பு கூடும். தனி இழையின் பாடு மாறவே மாறாது. கம்பியின் குறுக்குவெட்டையும் இப்படிப் பல இழைகளின் கட்டாகப் பாருங்கள். 11 நம்பரில் இழைகள் கூடுதல், மொத்த இழுவிசையும் கூடுதல், ஒவ்வொரு இழைக்கும் விழும் சுமை அதேதான்.

ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்புக்கு விழும் இந்தச் சுமையைப் பொறியியலில் தகைவு என்கிறார்கள். எஃகுக் கம்பி, 35 சென்டிமீட்டர் நீளம், ‘ஈ’ ஸ்வரம் என்று மூன்றும் முடிவானால் தகைவும் முடிவாகிவிடும்: சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 173 கிலோ. 9 நம்பர் போட்டாலும் 12 நம்பர் போட்டாலும் இதே எண்தான் வரும். வாத்தியக் கம்பிக்கென்று இழுத்துச் செய்த எஃகு இந்தத் தடிமனில் சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 260 கிலோ வரை தாங்கும். ஆக, முதல் கம்பி தன் வலுவில் மூன்றில் இரண்டு பங்கைச் செலவழித்தபடிதான் எப்போதும் நிற்கிறது. இன்னும் ஒன்றரை, இரண்டு ஸ்வரம் ஏற்றினால் முழு வலுவும் தீர்ந்துவிடும்.

எஃகைத் துளைகளின் வழியாக இழுத்து இழுத்து மெல்லிதாக்கும்போது அதன் வலு சற்றுக் கூடுகிறது என்பதும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டியது. அந்தக் கணக்கில் 10 நம்பர் 11 நம்பரைவிட ஒரு நூல் வலுவானதும்கூட.

அடித் தந்திகள் ஏன் அறுவதில்லை என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. இரண்டாவது கம்பி ‘ஏ’ ஸ்வரம், நொடிக்கு 440 அதிர்வு. அதன் தகைவு சதுர மில்லிமீட்டருக்கு 77 கிலோதான். முதல் கம்பியின் பாதிகூட இல்லை. ஒரே நீளமான நான்கு ஜோடிகளில் மேல் ஸ்வரம் பேசுகிறவைதான் ஆபத்தின் விளிம்பில் நிற்கின்றன.

அப்படியானால் அறுப்பது எது?

மூன்றில் இரண்டு பங்கு என்றால் இன்னும் ஒரு பங்கு பாக்கி இருக்கிறதே, பிறகு ஏன் அறுகிறது? அறுந்த கம்பியின் முனையைப் பார்த்தால் தெரியும். பெரும்பாலும் நட்டின் பள்ளத்திலோ, குதிரையின் மேலோ, கீயில் சுற்றும் வளைவிலோ, அடியில் கொக்கியில் மாட்டும் கண்ணியின் முறுக்கிலோதான் அறுந்திருக்கும். நடுக் கம்பி அறுவது அபூர்வம். வளைகிற இடத்தில் கம்பியின் வெளிப்பக்கம் கூடுதலாக நீள்கிறது. ஏற்கெனவே 173 கிலோ சுமக்கும் எஃகின் ஒரு ஓரத்தில் மட்டும் மிச்சமிருக்கும் பங்கும் செலவாகிவிடுகிறது. நட்டின் பள்ளம் குறுகலாக இருந்தால் கம்பி வழுக்காமல் சிக்கி நிற்கும். கீயைத் திருப்பத் திருப்ப இழுப்பு அந்தப் பக்கத்திலேயே தேங்கி, திடீரென்று விடும். அந்த ‘டப்’ சத்தம் அப்போதுதான் வரும்.

துரு இதைத் துரிதப்படுத்துகிறது. விரல் வியர்வையின் உப்பு கம்பியில் ஊசிமுனைக் குழிகளை உண்டாக்கும். முழுத் தடிமனும் அரித்துப்போக வேண்டியதில்லை. ஒரு குழி போதும்.

ஆகவே முதல் கம்பி திரும்பத் திரும்ப அறுகிறவர் பார்க்க வேண்டியது கம்பியின் நம்பரை அல்ல, அறுகிற இடத்தை. ஒரே இடத்தில் அறுந்தால் அந்த இடத்தில் ஒரு கூர்மை இருக்கிறது. நட்டின் பள்ளத்தை நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து, பென்சில் முனையின் கரியைக் கொஞ்சம் பூசினாலே நல்ல வித்தியாசம் தெரியும். வாசித்து முடித்ததும் பருத்தித் துணியால் கம்பியைத் துடைப்பதும் ஆயுளைக் கூட்டும்.

5 கட்டைக்கு ஒரு மாண்டலின்

இனி ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். பவானி சங்கமேசுவரர் கோயிலில் ஒரு கச்சேரி. பாடுகிறவர் பெண்மணி, சுருதி 5 கட்டை. அவருக்கு மாண்டலினில் துணை வாசிக்க வேண்டும். கையில் இருப்பது கடையில் வாங்கிய சாதாரண மரப் பெட்டி மாண்டலின். பரவலாக விற்கும் ‘மீடியம்’ கட்டின் நம்பர்கள் மேலிருந்து கீழாக 11, 15, 26, 40. ‘லைட்’ கட்டு 10, 14, 24, 38. இந்த இரண்டையுமே மேல்நாட்டு முறையில் ஜி, டி, ஏ, ஈ என்று சேர்ப்பதற்காகத்தான் கணக்குப் பண்ணியிருக்கிறார்கள்.

நமக்கு வேண்டியது வயலின்காரர்கள் சேர்ப்பதுபோல ச, ப, ச, ப. 5 கட்டை என்றால் ஷட்ஜம் ‘ஜி’ ஸ்வரம். கீழிருந்து பார்த்தால் நான்காவது ஜோடி ‘ஜி’. அது அப்படியே ஷட்ஜம். மூன்றாவது ஜோடி ‘டி’. அது அப்படியே பஞ்சமம். இவற்றைத் தொட வேண்டியதே இல்லை. இரண்டாவது ஜோடியை ‘ஏ’யிலிருந்து ‘ஜி’க்கும், முதல் ஜோடியை ‘ஈ’யிலிருந்து ‘டி’க்கும் இறக்க வேண்டும். சங்கராபரணத்து ஷட்ஜத்துக்கும் ரிஷபத்துக்கும் உள்ள தூரம், அவ்வளவுதான்.

அவ்வளவுதானே என்று கீயைத் தளர்த்திவிட்டு வாசிக்கத் தொடங்கினால், மேல் இரண்டு ஜோடிகளும் சோம்பிக் கிடப்பது தெரியும். ஒரு முழு ஸ்வரம் இறக்கினால் இழுவிசை ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. 11 நம்பர் முதல் கம்பி 10.6 கிலோவிலிருந்து 8.4 கிலோவுக்கு வந்துவிட்டது. 15 நம்பர் இரண்டாவது கம்பி 8.8 கிலோவிலிருந்து 7 கிலோவுக்கு. கீழ் ஜோடிகள் பழைய விறைப்பிலேயே இருக்கின்றன. பிளெக்ட்ரம் கீழே இருந்து மேலே போகும்போது ஒரு விறைப்பிலிருந்து இன்னொரு விறைப்புக்குள் விழும். மேல் ஸ்தாயியில் நாதம் மெலியும். அழுத்தி மீட்டினால் கம்பி மெட்டில் பட்டு அதிரும்.

இழந்த விறைப்பை மீட்கத் தடிமனைக் கூட்ட வேண்டும். எவ்வளவு? ஸ்வரம் எத்தனை பங்கு இறங்கியதோ தடிமன் அத்தனை பங்கு ஏற வேண்டும்; இங்கே சுமார் 12 சதவீதம். 11-க்கு 12.3 வருகிறது, 15-க்கு 16.8. கடையில் கிடைப்பவை 12, 17. 12 நம்பரை ‘டி’க்குச் சேர்த்தால் 10 கிலோ, 17 நம்பரை ‘ஜி’க்குச் சேர்த்தால் ஏறக்குறைய 9 கிலோ. பழைய கட்டின் விறைப்பு அப்படியே திரும்பிவிட்டது. தகைவோ, ஸ்வரம் இறங்கிவிட்டதால், முதல் கம்பியில் 173-லிருந்து 137 கிலோவாகக் குறைந்திருக்கிறது. தடிமனைக் கூட்டியதால் வந்த பாதுகாப்பு இல்லை இது, ஸ்வரத்தை இறக்கியதால் வந்தது.

கட்டை மாறினால் கணக்கும் மாறும். 2 கட்டையில் பாடும் ஆண் குரலுக்கு ச, ப, ச, ப சேர்க்க நான்கு ஜோடிகளையுமே நிறைய இறக்க வேண்டும்; முதல் ஜோடி ‘ஈ’யிலிருந்து அதற்கடுத்த கீழ் ‘ஏ’க்கு வருகிறது. ஷட்ஜ பஞ்சம இடைவெளி இது, இரண்டுக்கு மூன்று என்ற விகிதம். 11 நம்பர் அங்கே 4.7 கிலோவில் தொங்கும், வாசிக்கவே முடியாது. ஒன்றரை மடங்கு தடிமன், அதாவது 16 அல்லது 17 நம்பர் வேண்டும். 6 கட்டை என்றால் நேர் எதிர்: மேல் ஜோடிகள் அப்படியே இருக்க, கீழ் ஜோடிகள் இரண்டையும் ஒரு முழு ஸ்வரம் ஏற்ற வேண்டும், இழுவிசை கால் பங்குக்குமேல் கூடிவிடும். மீடியம் கட்டு மாட்டிய மாண்டலின் ஏற்கெனவே எட்டுக் கம்பிகளிலுமாக 70 கிலோவுக்குமேல் சுமந்துகொண்டிருக்கிறது. அந்த மெல்லிய மரப் பலகையின்மேல் இன்னும் ஏற்றாமல், கீழ் ஜோடிகளுக்கு ‘லைட்’ நம்பர்களை எடுப்பதுதான் சரி. குடம்போல் வயிறுள்ள பழைய நேப்பிள்ஸ் வகை மாண்டலின் வைத்திருப்பவர்கள் மீடியம் கட்டின் பக்கமே போகக் கூடாது, மேல்பலகை உள்வாங்கிவிடும்.

கமகத்தின் விலை

இதுவரை சொன்னது விறைப்பாக நிற்கும் ஸ்வரங்களின் கதை. நம் சங்கீதம் அப்படி நிற்பதில்லையே.

பவானிக்குத் தேவாரத்தில் திருநணா என்று பெயர். திருஞானசம்பந்தர் பாடிய தலம். அவருடைய பதிகங்களை யாழில் வாசித்தபடி கூடவே நடந்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். தருமபுரத்தில் சம்பந்தர் பாடிய ஒரு பதிகம் யாழில் அடங்கவில்லை என்றும், யாழ்ப்பாணர் மனம் நொந்து யாழையே முறிக்கப் போனார் என்றும், சம்பந்தர் தடுத்தார் என்றும் வரலாறு. யாழ்முறி என்றே அந்தப் பதிகத்துக்குப் பெயர். யாழில் ஒரு நரம்புக்கு ஒரு ஸ்வரம். இரண்டு நரம்புகளுக்கு இடையில் குரல் வளைந்து போகும் பாதைக்கு அதில் இடம் இல்லை. பக்திக் கதையாகப் படித்தாலும் சரி, ஒரு வாத்தியத்தின் எல்லையைப் பற்றிய குறிப்பாகப் படித்தாலும் சரி, என்னை அது விட்டதே இல்லை.

மாண்டலின் கர்நாடக மேடைக்கு வந்தபோது அதே கேள்விதான் எழுந்தது. குட்டையான கம்பி, ஜோடி ஜோடியாக, விறைப்பின் உச்சத்தில், உலோக மெட்டுகளின் மேல். இதில் தோடியின் காந்தாரத்தை எப்படி அசைப்பது? பதில் சொன்னவர் உ. ஸ்ரீநிவாஸ். 1969-இல் ஆந்திராவின் பாலகொல்லில் பிறந்தவர். குரு ருத்ரராஜு சுப்பராஜுவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. செம்பை வைத்தியநாத பாகவதரின் சீடரான அவர் பாடிக் காட்டுவார், பையன் அதைக் கம்பியில் தேடிக் கண்டுபிடிப்பான். 1978-இல் குடிவாடாவில் தியாகராஜ ஆராதனையில் முதல் கச்சேரி. சில வருஷங்களில் சென்னை அவரைத் தன் பிள்ளையாகவே எடுத்துக்கொண்டது. 2014-இல், 45 வயதில், சென்னையிலேயே காலமானார்.

அவர் எடுத்தது மின் மாண்டலின். அதில் ஜோடிக் கம்பிகளை விட்டுவிட்டு ஒற்றைக் கம்பிகள் மாட்டினார். நான்கோடு நிறுத்தாமல் ஐந்தாவது ஒன்றையும் சேர்த்தார். இந்த மாற்றங்கள் ஒன்றையொன்று எப்படித் தாங்குகின்றன என்பதை நம் கணக்கிலேயே பார்க்கலாம்.

5 கட்டைக்குச் சேர்த்த முதல் கம்பியை 12-வது மெட்டில் அழுத்தி, பக்கவாட்டில் இழுத்து ஒரு முழு ஸ்வரம் ஏற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு இழுவிசை 26 சதவீதம் கூட வேண்டும். அந்த அளவு இழுவிசை ஏற, முழுக் கம்பியும் அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக நீள வேண்டும். அவ்வளவு நீள, விரல் அதைச் சுமார் 10 மில்லிமீட்டர் ஒதுக்கித் தள்ள வேண்டும். நட்டுக்கும் குதிரைக்கும் அப்பால் கிடக்கும் பகுதிகளும் நீள்வதால் நடப்பில் இன்னும் சற்றுக் கூடும்.

இங்கே ஒரு வியப்பு. எவ்வளவு தூரம் இழுக்க வேண்டும் என்பதைத் தகைவுதான் முடிவு செய்கிறது. தகைவுக்குத் தடிமனோடு சம்பந்தம் இல்லை என்று பார்த்தோம். எனவே 10 நம்பரானாலும் 12 நம்பரானாலும் இழுப்பின் தூரம் அதே 10 மில்லிமீட்டர்தான். மெல்லிய கம்பியை ‘கொஞ்சமாக இழுத்தால் போதும்’ என்பது தவறு. மாறுவது விரல் கொடுக்க வேண்டிய பலம். 12 நம்பர் ஒற்றைக் கம்பிக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. 10 நம்பருக்கு ஒரு கிலோ. ஜோடி என்றால் இரண்டையும் ஒன்றாகத் தள்ள வேண்டும்: 12 நம்பர் ஜோடிக்கு மூன்று கிலோ. ஒரு விரல் நுனியில், நொடிக்குப் பலமுறை, இரண்டரை மணி நேரக் கச்சேரி முழுக்க. பலம் கிடைத்தாலும் ஜோடியின் இரண்டு கம்பிகளும் ஒரே அளவு நகர வேண்டும். இம்மி பிசகினால் ஒன்று ஒரு காந்தாரமும் மற்றது இன்னொரு காந்தாரமும் பேசும். ஒற்றைக் கம்பி இந்த இரண்டு தொல்லைகளையும் ஒரேயடியாகத் தீர்க்கிறது. அடுத்த கம்பிக்கு இடையில் கொஞ்சம் இடமும் கிடைக்கிறது. 10 மில்லிமீட்டர் என்பது மாண்டலினின் கழுத்தில் பெரிய தூரம்.

விலையும் உண்டு. ஜோடியைப் பாதியாக்கி மெல்லியதும் ஆக்கினால் மரப் பெட்டிக்குப் போகும் சக்தி குறையும், நாதம் சன்னமாகும். மரப் பெட்டியை நம்பியிருந்தால் மிருதங்கத்துக்கு முன்னால் அது காணாமல் போயிருக்கும். கம்பிக்கு அடியில் பிக்கப் வைத்து ஒலிபெருக்கியிடம் அந்த வேலையை ஒப்படைத்தபோது, கம்பி சத்தம் போடும் பொறுப்பிலிருந்து விடுபட்டுக் கமகத்துக்கு வளைந்துகொடுக்க முடிந்தது. மின்சாரத்தைச் சத்தத்துக்காகச் சேர்த்துக்கொண்ட ஆடம்பரம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அது இல்லாவிட்டால் அந்த மெல்லிய ஒற்றைக் கம்பிகளே சாத்தியமில்லை.

கமகத்துக்கென்று கம்பி தேடுகிறவருக்கு என் பரிந்துரை நேரடியானது: மேலே போட்ட 12, 17 கணக்கை மறந்துவிட்டு, 5 கட்டையிலும் 10 நம்பரையே ஒற்றையாக மாட்டுங்கள். விறைப்பு 7 கிலோவுக்கு இறங்கும். பிளெக்ட்ரத்தை லேசாகப் பிடித்துப் பழகினால் அந்தத் தளர்ச்சி தொந்தரவாக இருக்காது.

சுற்றுக் கம்பிகள்

கீழ் ‘ஜி’க்கு 10 கிலோ விறைப்பு வேண்டும் என்று வெறும் எஃகில் கம்பி செய்தால் 36 நம்பர், அதாவது 0.9 மில்லிமீட்டர் தேவைப்படும். அது கம்பி என்பதைவிடச் சலாகை. 35 சென்டிமீட்டர் நீளத்தில் அது வளைய மறுக்கும். அதன் மேல் நாதங்கள் சுருதி விலகி, ஓசை மழுங்கும். எடை வேண்டும், விறைத்த தேகம் வேண்டாம். அதனால்தான் மெல்லிய எஃகு நடுநரம்பின் மேல் இன்னொரு கம்பியைச் சுருளாகச் சுற்றுகிறார்கள்.

சுற்றும் உலோகத்தைப் பார்த்து வாங்க வேண்டும். மரப் பெட்டி மாண்டலினுக்கு வெண்கலச் சுற்று கணீரென்று பேசும். மின் மாண்டலினுக்கு அதைப் போட்டால் கீழ்க் கம்பிகள் ஒலிபெருக்கியில் சோர்ந்துவிடும். பிக்கப்பில் இருப்பது காந்தம். அதற்கு இரும்பும் நிக்கலும்தான் தெரியும், வெண்கலம் தெரியாது. நடுநரம்பின் அசைவு மட்டுமே அதற்குக் கேட்கும். மின் வாத்தியத்துக்கு நிக்கல் பூசிய எஃகுச் சுற்று. விரல் வழுக்கும்போது எழும் ‘சரக்’ ஓசை பிடிக்காதவர்கள், விலை கூடுதலானாலும், தட்டையாகச் சுற்றிய கம்பியை விசாரிக்கலாம். ஸ்வரம் விட்டு ஸ்வரம் வழுக்கிப் போகும் ஜாருவுக்கு அது மிக இதம்.

ஊரில் மாண்டலின் கம்பியே இல்லை என்றால்

மாண்டலின் கம்பியின் முனை கண்ணி. கிதார் கம்பியின் முனையில் பித்தளைக் குண்டு. வேறுபாடு அங்கேதான். சுற்றில்லாத வெறும் கம்பியைப் பொறுத்தவரை எஃகு ஒரே வகை எஃகு. கிதாரின் 10 நம்பர் கட்டில் முதல் கம்பி 10, மூன்றாவது 17. மர கிதாரின் 12 நம்பர் கட்டில் முதல் கம்பி 12. நம் 5 கட்டைக் கணக்குக்குத் தேவையான எல்லாமே கிதார் விற்கும் எந்தக் கடையிலும் தனிக் கம்பியாகக் கேட்டால் கிடைக்கக்கூடியவை. குறட்டால் குண்டை நசுக்கி உடைத்து எடுத்துவிட்டால் மிஞ்சுவது கண்ணிதான், கொக்கியில் மாட்டலாம். கண்ணாடி போட்டுக்கொண்டு, துணி சுற்றி நசுக்குங்கள், குண்டு தெறிக்கும்.

மாற்றும்போது எட்டையும் ஒன்றாகக் கழற்ற வேண்டாம். பெரும்பாலான மாண்டலின்களில் குதிரை ஒட்டப்பட்டதல்ல, கம்பியின் அழுத்தத்தில் நிற்பது. ஒவ்வொன்றாக மாற்றினால் அது இடம் நகராது. ஜோடியில் ஒன்று அறுந்தால் இரண்டையும் மாற்றிவிடுவது நல்லது. மெட்டுகளில் பட்டுத் தேய்ந்த பழைய கம்பியும் புதுக் கம்பியும் திறந்த ஸ்வரத்தில் ஒத்துப்போகும், மேலே போகப் போகப் பிரியும்.

நம்பரை மாற்றியவர்கள் கடைசியாக 12-வது மெட்டைச் சோதிக்க வேண்டும். அந்த மெட்டுக்கு நேர் மேலே கம்பியை அழுத்தாமல் விரலால் தொட்டு மீட்டினால் மணிபோல் ஒரு ஸ்வரம் வரும். பிறகு அதே மெட்டில் அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்திய ஸ்வரம் ஏறியிருந்தால் குதிரையை நட்டிலிருந்து சற்றே தள்ளி வைக்க வேண்டும். இறங்கியிருந்தால் நட்டை நோக்கி. தகைவு குறைந்த கம்பியை அழுத்தும்போது ஸ்வரம் கூடுதலாக ஏறுவதால், 5 கட்டைக்காக 11-லிருந்து 12-க்குப் போனவர்கள் பெரும்பாலும் பின்னால்தான் நகர்த்த வேண்டியிருக்கும். கம்பியைத் தளர்த்தாமல் நகர்த்தினால் குதிரையின் கால் மேல்பலகையைக் கீறும். அரைச் சுற்றுத் தளர்த்தி, நகர்த்தி, மறுபடி சுருதி சேர்த்துப் பாருங்கள்.